கணக்கில் வராத இரண்டு லிட்டர்

ஏப்ரல் 1, செவ்வாய்

டயாலிசிஸ் வார்டு பியூலா சிஸ்டர் இன்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, "அக்கா தினம் எவ்வளவு தண்ணி குடிக்காங்கன்னு இதுல எழுதிட்டு வாங்க அண்ணாச்சி. காப்பி, ரசம், மோர் எல்லாம் சேத்து எழுதணும்" என்றார். எழுதுவது எனக்குப் புதிதா என்ன? தூத்துக்குடி உப்பளச் சாலை எடைமேடையில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக லாரிகளின் எடையை எழுதுகிறவன் நான். ஆடிக்கொண்டிருக்கிற எண்ணை எழுதியதே இல்லை. என் சீட்டைப் பார்த்து ஒரு டிரைவரும் தகராறு செய்ததில்லை.

என் வீட்டுக்காரி சேர்மக்கனிக்கு ஒன்றரை வருடமாக இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். செவ்வாயும் வெள்ளியும் மெஷின்தான் அதை உறிஞ்சி எடுக்கிறது. எவ்வளவு எடுப்பது என்பதை எடை சொல்லும். அவளுடைய சரியான எடை ஐம்பத்திரண்டு கிலோ என்று பெரிய டாக்டர் முடிவு செய்திருக்கிறார். அதற்கு மேலே இருப்பதெல்லாம் தண்ணீர். குறைவாக எடுத்தால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதிகமாக எடுத்தால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து. ஒரு நாளைக்கு 750 மில்லி குடிக்கலாம். எங்கள் எவர்சில்வர் தம்ளரில் ஐந்து.

இன்று போகும்போது 54.1. வரும்போது 52. தண்ணீர் 750.

ஏப்ரல் 3, வியாழன்

தண்ணீர் 720. ஒரு தம்ளரில் கொஞ்சம் வைத்துவிட்டாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தை இடித்துக் கட்டுகிறார்கள். டயாலிசிஸ் வார்டு மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. மாடி வராந்தாவில் தராசு வைக்க இடமில்லை, அதனால் ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற பெரிய லிஃப்டுக்குள்ளேயே நோயாளிகளை நிறுக்கிற தட்டுத் தராசைப் போட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை, இடம் மிச்சம். லிஃப்டில் நோயாளி மட்டும்தான் ஏறலாம். கூட வந்தவர்களுக்குப் படிக்கட்டு. நான் அறுபத்தாறு படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றால், லிஃப்டுக்காரர் இசக்கியப்பன் எழுதிக் கொடுத்த சீட்டைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் முகத்தைச் சுருக்குகிறார்.

"56.1. மூணு நாள்ல நாலு கிலோ. அக்கா, என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல சிஸ்டர். நோட்டுல இருக்கதுதான் குடிச்சேன்."

நோட்டின்படி இரண்டு கிலோதான் ஏறியிருக்க வேண்டும். மீதி இரண்டு கிலோ, அதாவது இரண்டு லிட்டர், எங்கிருந்து வந்தது? வார்டில் பத்துப் பேர் பார்க்க, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருடன் மாதிரி நின்றேன்.

நாலு லிட்டரையும் எடுத்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் அவளுக்கு இரண்டு கெண்டைக்காலும் முறுக்கிக்கொண்டன. "யம்மா, யம்மா" என்று கத்தினாள். பிரஷர் விழுந்தது. காலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நிறைய எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார் சிஸ்டர். இறங்கும்போது 51.9.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏட்டி, உண்மையைச் சொல்லு. எங்க குடிச்ச?"

"சத்தியமா இல்லங்க. மெஷின்ல கோளாறா இருக்கும்."

ஏப்ரல் 5, சனி

ஒருதலைப்பட்சமாகப் பேசக்கூடாது. எடைமேடையிலிருந்து முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல் இரண்டைப் பைக்கில் கட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இசக்கியப்பன் நல்ல மனிதர். முறைத்தாலும் தராசை லிஃப்டிலிருந்து வெளியே இழுத்து, வாசல் சிமெண்டுத் தரையில் போட்டுக் கொடுத்தார். ஒரு கல் வைத்தேன், 20.0. இரண்டாவதையும் வைத்தேன், 40.0. கற்களை இறக்கிவிட்டு நான் ஏறி நின்றேன், 71.0. என் எடை அதேதான். எள்ளளவும் பிசகில்லை.

"என்ன அண்ணாச்சி, திருப்தியா?" என்றார்.

தராசு சரி. அப்படியானால் பொய் சொல்வது யார்?

ஏப்ரல் 6, ஞாயிறு

தண்ணீர்க் கேனை அடுப்படி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஃப்ரிட்ஜுக்கும் கொண்டி அடித்துப் பூட்டுப் போட்டாயிற்று. வேலைக்குப் போகும்போது ஐந்து தம்ளரை நிரப்பி மேசையில் வரிசையாக வைத்து மூடிவிட்டுப் போவேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். பக்கத்து வீட்டு ராஜகனி மயினியிடமும் சொல்லிவிட்டேன், கேட்டால் ஒரு சொட்டுக் கொடுக்கக்கூடாது என்று. தெருமுனைக் கடை பால்துரையிடமும் சொன்னேன், சர்பத், கலர் எதுவும் கொடுக்காதே என்று.

"ஊரெல்லாம் சொல்லிட்டியளா?" என்றாள்.

"உன் நன்மைக்குத்தானட்டி சொல்லுதேன்."

"அதுக்குக் கேக்கல" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

53.8! ஏற்றம் இரண்டு கிலோகூட இல்லை. பூட்டு வேலை செய்துவிட்டது. சிஸ்டரே, "அண்ணாச்சி, உங்கள மாதிரி எல்லார் வீட்லயும் ஒரு ஆள் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார். படியிறங்கி வரும்போது எனக்குக் கால் வலியே தெரியவில்லை.

இன்றைக்கும் அவளுக்குக் கால் இழுத்தது. கொஞ்சம்தான் எடுத்தார்கள், ஏன் இழுத்தது என்று தெரியவில்லை. போன தடவையின் மிச்சமாக இருக்கும்.

ஏப்ரல் 10, வியாழன்

தண்ணீர் 750. நாலு மணிக்கே ஐந்து தம்ளரும் காலி. ராத்திரிக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். தம்ளர்களை அடுக்கிக் கழுவ எடுத்துப் போனாள். இந்த ஒன்றரை வருடத்தில் ராத்திரி மாத்திரைக்கு ஒரு தம்ளர் எடுத்து வைக்காமல் இருந்ததே இல்லை அவள்.

ஏப்ரல் 11, வெள்ளி

53.9. எடை சரி. ஆனாலும் கால் இழுப்பு, தலைச்சுற்றல். பக்கத்துப் படுக்கை ஆசிரியருக்கும் அதேதான், எதிர்ப் படுக்கை அம்மாவுக்கும் அதேதான். மூன்றாம் மாடியில் ஏசி குளிர் அதிகம், அதனால்தான் எல்லோருக்கும் நரம்பு இழுக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அடுத்த தடவை போர்வை கொண்டுபோக வேண்டும்.

வழியெல்லாம், "அந்த ரெண்டு லிட்டர் எங்க போச்சுன்னு மட்டும் சொல்லிரு, நான் ஒண்ணும் ஏச மாட்டேன்" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டுமே.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒத்துக்கொண்டுவிட்டாள்.

மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியை வைத்துவிட்டு, "ஆமா, குடிச்சேன்" என்றாள்.

"எப்ப?"

"அந்த வியாழக்கிழமை. குளிக்கப் போனப்ப."

"எவ்வளவு?"

"ரெண்டு லிட்டர் இருக்கும்."

டாண் என்று கணக்குப் பொருந்திவிட்டது. பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு பாடு உண்டாட்டி?" என்றேன். இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை. பசியில்லையாம்.

இனிமேல் குளியலறைக்கு நானே அரை வாளி அளந்து வைப்பேன். கதவை ஒருக்களித்து வைத்துத்தான் குளிக்க வேண்டும். நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். முப்பத்தோரு வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதில் என்ன வெட்கம்?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். கோயம்புத்தூரிலிருந்து மகள் முத்துலதா போன் செய்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒத்துக்கொண்டதையும் சொன்னேன்.

"யப்பா, அம்மா அப்படிச் செய்ய மாட்டா. உப்பில்லாத சோத்தை ஒன்றரை வருஷமா வாயத் திறக்காம திங்கிறவ அவ."

"எடை பொய் சொல்லாதுட்டி."

"அம்மா பொய் சொல்லுவாளாக்கும்?" என்று போனை வைத்துவிட்டாள். பிள்ளைகளுக்குத் தூரத்திலிருந்து பேசுவது சுலபம்.

சேர்மக்கனியின் அண்ணன் தர்மர் மச்சான் திருச்செந்தூரிலிருந்து கூப்பிட்டார். அவரிடமும் சொல்லி வைத்தேன். தங்கச்சிக்கு நாலு புத்தி சொன்னாராம்.

ஏப்ரல் 17, வியாழன்

750. சண்டை இல்லை. பேச்சும் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சேர்மக்கனி கட்டிலில் ஈரத்துண்டை வாயில் வைத்துப் படுத்திருந்தாள். சூப்பிக்கொண்டிருந்தாள், கைப்பிள்ளை மாதிரி. பிடுங்கிக்கொண்டேன். பிழிந்து பார்த்தேன், அரைத் தம்ளர்கூட வராது.

"நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடுதுங்க" என்றாள். "எச்சில் கூட ஊற மாட்டேங்கு."

"ஒடம்புல ரெண்டு லிட்டர் தண்ணி கெடக்குட்டி. எடை சொல்லுதுல்லா. இது வெறும் ஆசை."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் உதடு வெடித்திருக்கிறது. வெண்ணெய் தடவச் சொன்னேன்.

ஈரத்துண்டுக்கு எத்தனை மில்லி என்று எழுதுவது? ஐம்பது என்று போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

53.8. திருநெல்வேலியிலிருந்து பெரிய டாக்டர் வந்திருந்தார். சீட்டுகளையெல்லாம் புரட்டினார். "எடை கரெக்டாத்தான் மெயின்டெயின் ஆகுது. ஆனா பிரஷர் ஏன் இவ்வளவு கம்மி? இதயத்தைப் பாக்கணும்" என்று எக்கோ எழுதிக் கொடுத்தார். வார்டில் மூன்று பேருக்கு எக்கோ எழுதியிருக்கிறார்.

இதயம் என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு சாயந்திரம் வேலைக்குப் போனேன். எடைமேடையில் ஒரு லாரிக்கு இரண்டு தடவை சீட்டுப் போட்டுவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவள் அப்படியே விழுந்தாள். நெற்றியில் அடி. கண் செருகிவிட்டது. ராஜகனி மயினி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு, "ஏ அண்ணாச்சி, ஒரு வாய் தண்ணி குடுங்க" என்று கத்தினார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்க எனக்கு வரவில்லை. மயினி தன் வீட்டிலிருந்து செம்பைக் கொண்டுவந்தார். நான் தடுக்கவில்லை. மூன்று மிடறு குடித்தாள். கண் திறந்தாள்.

கண் திறந்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "மூணு மொடக்கு. எழுதிக்கிடுங்க" என்றாள்.

எழுதவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

அவளால் தனியாக நிற்க முடியவில்லை. சிஸ்டர் மேலேயிருந்து போனில் இசக்கியப்பனிடம் சொல்லி என்னையும் லிஃப்டில் ஏற விட்டார். "பக்கத்துல நில்லுங்க அண்ணாச்சி, ஆனா தொடாதிய. தொட்டா எடை மாறிரும்" என்றார் இசக்கியப்பன். சேர்மக்கனி தட்டின் மேல் ஏறி நின்றாள். எனக்கு எதிரே சுவரில் எண் சிவப்பாக ஓடியது. பழக்கதோஷம், எண்ணைத்தான் பார்த்தேன். 51.7 என்று நின்றது.

ஐம்பத்தொன்றா? என்ன இது, ஐம்பத்திரண்டுக்கே கீழே?

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடியது. பழைய லிஃப்டு ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு கிளம்பியது. கால் தரையோடு அழுந்தியது. எண் 53.8க்கு ஏறியது. இசக்கியப்பன் அந்த நொடியில் தராசின் எண்ணைப் பிடித்து நிறுத்துகிற பட்டனை அமுக்கினார். எண் அப்படியே உறைந்து நின்றது. சீட்டில் 53.8 என்று எழுதினார்.

"யோவ், என்னவே செய்தீரு?"

"எடை எழுதுதேன் அண்ணாச்சி."

"ஓடுற வண்டியில எடையா?"

அவருக்குப் புரியவில்லை. அவர் என்ன செய்வார்? கதவைத் திறந்து வைத்தால் மணி அலறும். எல்லா மாடியிலிருந்தும் கூப்பிடுவார்கள். அதனால் கதவு மூடியதும் பட்டனை அமுக்கிப் பழகிவிட்டார். இறங்கும்போது நோயாளிகள் தள்ளாடி ஏறி நிற்பதற்குள் லிஃப்டு தரைக்கு வந்துவிடுமாம். அப்போது அமுக்குவாராம்.

எடைமேடையில் நான் எத்தனை டிரைவர்களைத் திட்டியிருக்கிறேன்! வண்டி நிற்க வேண்டும், இன்ஜின் அணைய வேண்டும், எண் அடங்க வேண்டும், அப்புறம்தான் சீட்டு. அந்த நான், தராசை லிஃப்டிலிருந்து வெளியே இழுத்துப் போட்டு, அசையாத தரையில் கல் வைத்துப் பார்த்து, சரி என்று சொல்லி என் பெண்டாட்டியைத் திருடி ஆக்கியிருக்கிறேன்.

மூன்றாம் மாடியில் அவளை சிஸ்டரிடம் ஒப்படைத்து, "மெஷினைப் போடாதிய, போடாதிய" என்று கத்திவிட்டு, இசக்கியப்பனை இழுத்துக்கொண்டு மறுபடியும் லிஃப்டில் ஏறினேன். தட்டின் மேல் நானே நின்றேன். நிற்கும் லிஃப்டில் 71. கீழே போகக் கிளம்பியதும் 68, உடம்பு லேசாகிறது. நடுவில் ஒரே சீராகப் போகும்போது 71. கீழே வந்து நிற்கப் போகும்போது 74. மேலே கிளம்பும்போதும் 74. மேலே போய் நிற்கும்போது 68. கிளம்புகிற அந்த உலுக்கலில் தரை நம்மைக் கீழேயிருந்து நெட்டித் தள்ளுகிறது, தராசு அந்தத் தள்ளலையும் சேர்த்து எடை என்று சொல்லிவிடுகிறது. ஆள் அதே ஆள்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. நாலு தடவை போய் வந்தோம். இரண்டாம் மாடியில் ஸ்ட்ரெச்சரோடு நின்றவர்கள் ஏசினார்கள். ஏசட்டும்.

நாலாம் தடவையில் இசக்கியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நான் பதினோரு பேருக்கு இப்படித்தான எழுதியிருக்கேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பியூலா சிஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டாக்டருக்குப் போன் போட்டார்கள். ஏறும்போது இரண்டு கிலோ கூட, இறங்கும்போதும் இரண்டு கிலோ கூட. அதனால் லிஃப்டுக்கு மாறிய முதல் நாளைத் தவிர, சீட்டில் எல்லாம் அழகாகப் பொருந்தியிருக்கிறது. நாங்கள் 52 என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரமாக அவளை ஐம்பதுக்குப் பிழிந்திருக்கிறோம். உடம்பில் இருக்க வேண்டிய தண்ணீரையே எடுத்திருக்கிறோம். அவள் தாகம் என்றது தாகம்தான். இன்னும் நாலைந்து தடவை இப்படி எடுத்திருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இன்று தண்ணீர் எடுக்க வேண்டாம், ரத்தத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள், குடிக்கக் கொடுங்கள் என்றாராம்.

சிஸ்டர் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் நீட்டினேன். சேர்மக்கனி வாங்கவில்லை.

"எத்தனை மில்லி?" என்று கேட்டாள்.

"எவ்வளவும் குடிக்கலாமாம்ட்டி."

"நோட்டுல எழுதியாச்சா?"

சிஸ்டர் என் கையிலிருந்து தம்ளரை வாங்கி அவளிடம் கொடுத்தார். அவரிடம் வாங்கிக் குடித்தாள். முழுவதும் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏப்ரல் 26, சனி

பூட்டுகளைக் கழற்றினேன். ஃப்ரிட்ஜில் அடித்த கொண்டியின் ஆணி வரவில்லை. பிடுங்கும்போது கதவில் பெயிண்ட் உரிந்துவிட்டது.

அவள் என்னோடு பேசவில்லை. குளிக்கப் போனவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கேட்காமல் இருக்க முடியவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"குடிக்காத தண்ணிய ஏன்ட்டி குடிச்சேன்னு சொன்ன?"

ஒரு கொத்து முழுக்க உருவி முடித்தாள்.

"பத்து நாளா நீங்க தூங்கல, திங்கல. வேலையிலருந்து வந்ததும் அதே பேச்சு, படுத்தா அதே பேச்சு. எனக்கும் ஒடம்புல தெம்பு இல்ல. ஒத்துக்கிட்டா நீங்களாவது ரெண்டு வாய் சோறு திம்பியன்னு சொன்னேன்."

"ரெண்டு லிட்டர்னு கணக்கா எப்படிச் சொன்ன?"

"நீங்கதான காலையிலயும் சாயந்திரமும் ரெண்டு லிட்டர், ரெண்டு லிட்டர்னு ஓதிட்டுக் கெடந்திய."

அன்று நான் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டேனே!

ஏப்ரல் 29, செவ்வாய்

தராசைக் கீழே, வாசல் பக்கம் ஒரு மூலையில் போட்டுவிட்டார்கள். நின்ற தரை, நின்ற எண். 53.4. 1.4 லிட்டர் எடுத்தார்கள். கால் இழுக்கவில்லை. பிரஷர் விழவில்லை. நாலு மணி நேரமும் தூங்கினாள். பக்கத்துப் படுக்கை ஆசிரியரும் தூங்கினார். போர்வையைக் கொண்டுபோக மறந்துவிட்டேன். யாரும் கேட்கவும் இல்லை.

தண்ணீர் 750. அவளே அளந்து ஊற்றிக்கொண்டாள். எக்கோவில் இதயம் நன்றாக இருக்கிறதாம்.

மே 1, வியாழன்

எடைமேடைக்கு இன்று விடுமுறை. காலை இட்லி சாப்பிட்டதும் சேர்மக்கனி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"நான் தண்ணி திருடிக் குடிச்சேன்னு எல்லார்ட்டயும் சொன்னியள்லா. இப்ப எல்லார்ட்டயும் சொல்லுங்க. எங்காதால நான் கேக்கணும்."

"போற போக்குல பாத்துச் சொல்லிக்கிடலாம்ட்டி."

"அன்னைக்கு மட்டும் போற போக்குலயா சொன்னிய?"

முத்துலதாவில் ஆரம்பித்தேன். லிஃப்டு, தராசு என்று நான் விளக்கிக்கொண்டே போக, "யப்பா, அதெல்லாம் இருக்கட்டும். அம்மா குடிக்கலேல்லா?" என்றாள். குடிக்கவில்லை என்றேன். "போனை அம்மாட்ட குடுங்க" என்றாள். தாயும் மகளும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து தர்மர் மச்சான். நான் சொல்லி முடித்ததும், "மாப்பிள்ள, உம்ம பேச்சைக் கேட்டு அவள நான் என்னெல்லாமோ சொல்லிட்டேனே வே" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். பால்துரை கடைக்கு நேரில் போனேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜகனி மயினி, "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. நீங்க சொன்னா நாங்க நம்பிருவமாக்கும்" என்று ஒரே போடாகப் போட்டார். ஆட்டோக்காரரைக்கூட விடவில்லை. நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். அவர் எந்த அம்மா, எந்தத் தண்ணி என்று கேட்டார்.

எல்லாம் முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கி" என்றாள்.

யோசித்தேன். "எடைமேடைல மாத்து ஆளு ஒருத்தன்ட்ட சொல்லிருக்கேன். நாளைக்கு அவன்ட்டயும் சொல்லிருதேன்."

"அவரு இல்ல. எங்கிட்ட நீங்க இன்னும் சொல்லல."

"உங்கிட்ட என்னட்டி சொல்ல? எல்லாந்தான் உனக்குத் தெரியுமே."

"தெரியும். சொல்லுங்க."

நாற்காலியை விட்டு அவள் அசையவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஏசும்போது தெருவுக்கே கேட்டுச்சு. இப்ப எதுத்தாப்புல இருக்க எனக்கே கேக்கல" என்றாள்.

எழுந்து நின்றேன். "சேர்மக்கனி தண்ணி குடிக்கல. அவ பொய் சொல்லல. தாகம்னு சொன்னப்ப நான் நம்பல. நாந்தான் தப்பு" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் நின்றது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். மூன்றாம் தடவை பாதியிலேயே குரல் போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயதில், பட்டப்பகலில், வீட்டுக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு அழுதேன்.

"போதும், உக்காருங்க" என்றாள்.